பல் பிடுங்கிய பிறகு

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

‘பல் போனால் சொல் போச்சு’ என்று நம் முன்னோர் கூறுவர். எனக்கோ சென்ற செப்டம்பர் மாதத்தில் பல்லும் போயிற்று, சொல்லும் போயிற்று, காலாண்டுத் தேர்வில் கணக்கும் பாதி போயிற்று. பல் போனதைவிட, அது போன பிறகு நான் செய்த காரியங்களால் பட்ட துன்பமே பெரிது. மூன்று மாதங்கள் கழித்து அதே வீட்டில் என் ஆச்சிக்கும் ஒரு பல் பிடுங்க வேண்டி வந்தது. முதல் முறை நோயாளியாகவும் இரண்டாம் முறை தாதியாகவும் இருந்தவள் என்ற துணிவில் இக்கட்டுரையை எழுதுகிறேன். பல்லை எப்படிப் பிடுங்குவது என்பது மருத்துவர் படித்தறிய வேண்டிய கலை. பிடுங்கிய பின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதோ நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது.

முதலில் என் பல்லைப் பற்றி. கீழ்த் தாடையில் வலப்புறம் உள்ள முதல் பெரிய கடைவாய்ப்பல் அது. ஏறக்குறைய 6 வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலேயே, பால்பற்களுக்குப் பின்னால் சத்தமின்றி இப்பல் முளைத்து விடுகிறது. பால்பல் விழுந்த இடத்தில் முளைக்காததால் பல வீடுகளில் இதையும் பால்பல் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போதே அதில் கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்ததாம். “பால்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று விட்டுவிட்டார்கள். அது விழவுமில்லை, விழுந்திருந்தால் மறுபடி முளைத்திருக்கவும் போவதில்லை. கறுப்புப் புள்ளி குழியாகி, குழி சொத்தையாகி, பத்தாம் வகுப்புக்கு வந்தபோது பல்லின் தலைப்பாகம் பாதி உடைந்து போயிற்று. வேர் சிகிச்சை செய்து காப்பாற்றவும் பல்லில் மிச்சம் இல்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். வீட்டில் தம்பி தங்கையருக்கு 6 வயது ஆகியிருந்தால், இதைப் படித்த கையோடு அவர்கள் வாயைத் திறந்து பார்த்து விடுங்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில் பல் பிடுங்கப்பட்டது. பயந்த அளவுக்கு வலி இல்லை. லிக்னோகெயின் என்னும் மருந்தை ஊசி மூலம் ஈறில் செலுத்துகிறார்கள். சுவீடன் நாட்டு வேதியியலார் நீல்ஸ் லோஃப்கிரென் என்பவர் 1943-இல் உருவாக்கிய மருந்து அது. சில நிமிடங்களில் பாதி உதடும் பாதி நாக்கும் யாருடையவோ போல் ஆகிவிட்டன. அழுத்துவதும் அசைப்பதும் தெரிந்ததே தவிர வலி தெரியவில்லை. இரு வேர்களுள் ஒன்று வளைந்திருந்ததால் சற்று நேரம் பிடித்தது. பிறகு காஸ் துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து, “முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திரு” என்றார் மருத்துவர். செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை எல்லாம் அச்சிட்ட சீட்டு ஒன்றையும் தந்தார். அந்தச் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன். செவ்வாய்க்கிழமை வரை அது அங்கேயே இருந்தது.

இனி நான் செய்த காரியங்களைக் கேளுங்கள். ஆட்டோவில் வரும்போதே துணியில் ஊறிய இரத்தத்தின் சுவை பிடிக்காமல், பத்தே நிமிடத்தில் அதை எடுத்து எறிந்தேன். வீட்டு முற்றத்தில் நின்று துப்பினேன். எச்சில் சிவப்பாக வந்தது. மறுபடி துப்பினேன், இன்னும் சிவப்பாக வந்தது. ஒரு சொட்டு இரத்தம் ஒரு வாய் எச்சிலைச் சிவப்பாக்கிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆச்சி ஓடி வந்தார்கள். எங்கள் ஊர் தூத்துக்குடி. ஆச்சி இளவயதில் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். காலில் வெட்டுப் பட்டாலும், தொண்டை கட்டினாலும், மனம் சரியில்லை என்றாலும்கூட அவர்களுக்கு மருந்து உப்புத்தான். “ஏட்டி, உப்புத் தண்ணி போடாம எந்தப் புண்ணு ஆறுச்சு?” என்று கல் உப்பைக் கரைத்துச் சுடச்சுட ஒரு செம்பு நிறையக் கொண்டு வந்தார்கள். அரைமணிக்கு ஒரு முறை, கன்னம் உப்பும் அளவுக்கு அதைக் கொப்பளித்துத் துப்பினேன். மாலையில் அப்பா வாங்கி வந்த பழச்சாற்றை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினேன். இடையிடையே நாக்கின் நுனியால் குழியைத் துழாவிப் பார்த்துக்கொண்டேன். பல்லிருந்த இடத்தில் நாக்கு போகாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது பல் இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வலி குறைந்திருந்தது. ‘உப்பே வென்றது’ என்று ஆச்சி மகிழ்ந்தார்கள். திங்கள் இரவுதான் அது வந்தது. முதலில் தாடையில் குடைச்சல்; பிறகு காதுக்குள்; பிறகு நெற்றிப்பொட்டு வரை. சொத்தைப் பல்லில் வந்த வலியெல்லாம் இதன் முன் விளையாட்டு. வாயில் ஒரு கெட்ட நாற்றம் வேறு. மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் அடங்கும். பிறகு மீண்டும் எழும். செவ்வாயன்று காலாண்டுக் கணக்குத் தேர்வு. கன்னத்தை இடக்கையால் தாங்கியபடி ஐந்து கணக்குகள் போட்டேன். மற்றவற்றின் எண்கள் கண்முன் நீந்தின. மேற்பார்வைக்கு வந்த சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று மாலை மருத்துவர் சிறு கண்ணாடியை வாய்க்குள் வைத்து எனக்கே காட்டினார். மற்றவர்களுக்குக் கருஞ்சிவப்பாக நிறைந்திருக்க வேண்டிய பல்குழி எனக்கு வெறுமையாக, சாம்பல் நிறமாக இருந்தது. அடியில் தெரிந்தது என் சொந்தத் தாடை எலும்பு. இதற்கு ‘உலர்குழி’ என்று பெயராம். 1896-ஆம் ஆண்டிலேயே கிராஃபோர்ட் என்னும் பல் மருத்துவர் இந்நோயை இப்பெயரால் விவரித்திருக்கிறார். பல் பிடுங்கிக்கொள்ளும் 100 பேரில் ஏறத்தாழ ஒருவர் முதல் ஐந்து பேர் வரைக்கும், கீழ்த் தாடை ஞானப்பல் என்றால் இன்னும் பலருக்கும் இது வருவதுண்டு. பெரும்பாலும் பிடுங்கிய முதல் மூன்று நான்கு நாட்களுக்குள், வலி குறைய வேண்டிய நேரத்தில் கூடத் தொடங்குவதே இதன் அடையாளம்.

மருத்துவர் உவர்நீரால் குழியை மெதுவாகக் கழுவி, கிராம்பு மணம் வீசும் மருந்து தோய்ந்த நாடாவை உள்ளே வைத்தார். அரைமணியில் வலி இறங்கிற்று. என் கண்களில் அதுவரை வராத கண்ணீர் அப்போது வந்தது. அதன் பின் இரண்டு முறை சென்று மருந்தை மாற்றிக்கொண்டேன். “எல்லாம் என் தவறுதானா டாக்டர்?” என்று கேட்டேன். “உன் தவறு பாதி, உன் பல்லின் பிடிவாதம் பாதி” என்றார் அவர். கீழ்த் தாடையில், சிரமப்பட்டு எடுத்த கடைவாய்ப்பல் என்றால் எவ்வளவு கவனமாக இருப்பவர்க்கும் சில வேளை இது வந்துவிடுகிறதாம். ஆனாலும் என் பங்காகிய பாதியை நான் கொஞ்சமும் குறைவின்றிச் செய்திருந்தேன் என்பது சீட்டைப் பிரித்துப் படித்தபோது புரிந்தது.

அந்தக் குழியில் இருக்க வேண்டியதும், என் குழியில் இல்லாமற்போனதும் யாது? இரத்தக் கட்டிதான். நம் உயிரியல் பாடத்தில் இரத்தம் உறைதலைப் படித்திருக்கிறோம். குருதிக்குழாய் அறுபட்டதும் அது தானே சுருங்குகிறது. இரத்தத் தட்டுகள் ஓடிவந்து வாயிலை அடைக்கின்றன. இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன், கரையாத ஃபைப்ரின் நூல்களாக மாறி வலை பின்னுகிறது. வலையில் மீன் சிக்குவதுபோல் சிவப்பணுக்கள் சிக்கிக்கொள்ள, கட்டி உருவாகிறது. இதை எழுதி நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்த வலை என் வாயிலேயே பின்னப்படுகிறது, அதைத்தான் நான் அரைமணிக்கு ஒரு முறை கொப்பளித்துத் துப்புகிறேன் என்று தோன்றவில்லை! காஸ் துணியைக் கடித்து அழுத்துவது வெறுமனே இரத்தத்தைத் துடைப்பதற்கன்று. வலை பின்னி முடியும்வரை வாயிலை மூடி வைப்பதற்கே. துப்பும்போதும், ஸ்ட்ராவால் உறிஞ்சும்போதும் வாய்க்குள் ஓர் இழுப்பு உண்டாகிறது. புதிதாய் உறைந்த கட்டி அதில் பெயர்ந்து வந்துவிடலாம். சூடான நீரோ குருதிக்குழாய்களை விரியச் செய்து மீண்டும் இரத்தம் கசிய வைக்கிறது. ஒரு நாள் பொறுத்து, வெதுவெதுப்பாக, மெதுவாகச் செய்திருந்தால் ஆச்சியின் உப்பு நல்ல மருந்தே. முதல் நாளிலேயே சுடச்சுட வந்ததுதான் வினையாயிற்று.

கட்டி அங்கேயே இருந்தால் என்ன நடக்கிறது தெரியுமா? இதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்த பகுதி. கட்டி ஒரு மூடி மட்டுமன்று; அதுவே சாரம். கட்டடம் கட்டுவோர் முதலில் மூங்கில் சாரம் கட்டி அதன்மேல் ஏறி நின்று சுவர் எழுப்புவதுபோல், உடம்பு இக்கட்டியின் மேல் ஏறி நின்று குழியை நிரப்புகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் குப்பையையும் அகற்றுகின்றன. பிறகு சுற்றியுள்ள ஈறிலிருந்தும் எலும்பிலிருந்தும் நுண்ணிய புதுக் குருதிக்குழாய்களும், நார் நெய்யும் செல்களும் கட்டிக்குள் நுழைகின்றன. ஒரு வாரத்தில் கட்டியின் பெரும்பகுதி போய், சிவந்த மென்மையான புதுத்திசு அங்கே இருக்கும். ஓரங்களிலிருந்து ஈறின் தோல் நடுநோக்கி ஊர்ந்து வந்து, பல்லின் பருமனைப் பொறுத்து மூன்று முதல் ஆறு வாரங்களில் வாயை மூடிவிடுகிறது. அடியில் அதற்குள் இளம் எலும்பு தோன்றத் தொடங்கியிருக்கும். அது குழியை நிரப்ப இரண்டு மாதங்களும், முதிர்ந்து உறுதிப்பட இன்னும் பல மாதங்களும் ஆகின்றன. வெளியே ஆறிவிட்டது என்று நாம் மறந்த பின்னும் உள்ளே வேலை நடந்துகொண்டேயிருக்கிறது.

சாரத்தை நான் முதல் நாளே பிடுங்கிவிட்டேன். ஆகவே எலும்பு காற்றுக்கும் எச்சிலுக்கும் உணவுக்கும் திறந்து கிடந்து வலித்தது. அப்போதும் உடம்பு கைவிட்டுவிடவில்லை. பக்கவாட்டிலிருந்து மெதுவாகத் திசு வளர்ந்து, பத்து நாட்களில் எலும்பை மூடிற்று.

நவம்பர் மாதக் கடைசியில் ஆச்சியின் மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியது. ஈறு வீங்கி, இரண்டு முறை சீழ் வைத்தது. எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். ஆச்சி மறுத்துவிட்டார்கள். “மேல் பல்லைப் புடுங்குனா கண்ணு போயிரும்” என்பது அவர்கள் கட்சி. தெருவில் பாதிப்பேர் அவர்கள் பக்கம். எனக்குச் சிரிப்பு வந்தாலும், நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து படம் வரைந்து காட்டினேன். மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் 2-ஆவதுதான் பார்வை நரம்பு. பல்லுக்கு வருவதோ 5-ஆவது நரம்பு. இந்த 5-ஆவது நரம்புக்கு மூன்று கிளைகள்: ஒன்று நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய தோலுக்கும், ஒன்று மேல்தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் செல்கிறது. ஒரே அடிமரத்துக் கிளைகள் ஆனதால் மேல்பல்லின் வலி கண் பக்கம் எதிரொலிக்கிறது, அவ்வளவே. இந்தக் கிளைகள் தொடும் உணர்ச்சியைக் கொண்டு செல்பவை; பார்வையைக் கொண்டு செல்பவை அல்ல. ஆச்சி படத்தை நெடுநேரம் பார்த்தார்கள். “அப்போ கண்ணு போகாதுன்னு நீ எழுதித் தருவியா?” என்றார்கள். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பல்வலிக்காரர்களின் பாதுகாவலியான புனித அப்பொலோனியாவைப் பற்றியும் சொன்னேன். 249-ஆம் ஆண்டு வாக்கில் அலெக்சாந்திரியா நகரில் பற்கள் உடைக்கப்பட்டு மறைசாட்சியாக இறந்தவர் அவர். “அவளுக்கு ஊசி கூடப் போடலியே” என்று ஆச்சி பெருமூச்செறிந்து, வருவதற்குச் சம்மதித்தார்கள்.

ஆச்சிக்கு வயது 68. சர்க்கரை உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுவலி வந்ததிலிருந்து தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றும் உண்டு. இரத்தம் எளிதில் உறையாமல் இருப்பதற்காகவே அது தரப்படுகிறது. “பல்லு புடுங்கப் போறீங்க, நாலு நாளைக்கு அந்த மாத்திரையை நிறுத்திருங்க” என்று பக்கத்து வீட்டம்மா அக்கறையோடு சொல்லியிருந்தார். ஆச்சி நிறுத்தியும் விட்டார்கள்! நல்லவேளையாக இரண்டாம் நாளே அம்மா மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இருதய மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: நிறுத்தாதீர்கள். வாயில் வரும் கசிவை அழுத்தி நிறுத்திவிடலாம்; இருதயக் குழாயில் கட்டி உறைந்தால் அதை வீட்டில் யார் என்ன செய்ய முடியும்? இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் தாமாக அதை நிறுத்தவும் கூடாது, பல் மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது. ஒரே கட்டி, வாயில் இருந்தால் உயிர்காக்கிறது, நெஞ்சில் இருந்தால் உயிர்குடிக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

சர்க்கரை இருப்பதால் காலையிலேயே, இட்லி சாப்பிட்டு வழக்கமான மாத்திரையும் போட்டபின் அழைத்துப் போகச் சொன்னார்கள். பட்டினியாகப் போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இம்முறை சீட்டு என் கையிலேயே இருந்தது. என் கைக்கடிகாரம் ஆச்சியின் கண்முன் இருந்தது. 45 நிமிடங்கள், பேசாமல், துணியைக் கடித்தபடி! ஆச்சி பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. எச்சிலைத் துப்பவிடாமல் விழுங்கச் சொன்னேன். மரப்பு தெளிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் சூடாக எதையேனும் குடித்தால் வெந்தது தெரியாது, மென்றால் உதட்டைக் கடித்துக்கொண்டதும் தெரியாது. ஐஸ் கட்டியை மெல்லிய துண்டில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறம் 10 நிமிடம் வைப்பதும் எடுப்பதுமாக மாலைவரை செய்தேன். ‘சூட்டு ஒத்தடம் கொடு’ என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். முதல் நாளில் அது வீக்கத்தைக் கூட்டும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கியே எனக்கு வாய் வலித்தது.

வலிக்கு மருத்துவர் எழுதித் தந்தது பாராசிட்டமால் மட்டுமே. மரப்பு முற்றிலும் தெளியும் முன்பே முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் வலி தலைதூக்குவதில்லை. மாத்திரையைப் பொடித்தோ, கிராம்பு எண்ணெயை ஊற்றியோ புண்ணில் வைப்பவர்கள் உண்டு. இவை ஈறை வேகவைத்து வெள்ளைப் புண்ணாக்கி விடும். மருத்துவர் வைப்பது அளவிட்ட மருந்து. நாம் ஊற்றுவது அப்படியன்று. நம் வயதினருக்கும் ஒரு செய்தி: 16 வயதுக்கு உட்பட்டவர்கள் மருத்துவர் சொல்லாமல் வலிக்கு ஆஸ்பிரின் உண்ணலாகாது.

சாப்பாடு விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். குழைத்த தயிர்சாதம்தானே என்று அம்மா தாளித்ததை அப்படியே கொண்டுபோனேன். முதல் கவளத்திலேயே கடுகு ஒன்று குழியைத் தேடிப் போயிற்று. நல்ல வேளையாக ஆச்சியே நாக்கால் உணர்ந்து நிறுத்திவிட்டார்கள். மறு வேளையிலிருந்து தாளிக்காத தயிர்சாதம், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, ஆறவைத்த ராகிக் கூழ். மறுபக்கமாக மென்று தின்ன வேண்டும். முறுக்கு, மிளகாய்க் காரம், கொய்யா விதை, எள்ளுருண்டை எல்லாம் ஒரு வாரத்திற்கு ஆகா. இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்குவதும், குனிந்து பெருக்குவதும் இரண்டு நாளைக்கு வேண்டாம். இந்த ஒரு விதி எனக்கும் பொருந்தியிருக்கும் என்று நினைத்து நான் வருந்தியதுண்டு.

அன்றிரவு ஒன்பது மணி. ஆச்சி தூக்கத்திலிருந்து எழுந்து என்னைத் தொட்டார்கள். தலையணை உறையில் உள்ளங்கை அகலம் சிவப்பு. வாய் நிறைய இரத்தம் கலந்த எச்சில். அம்மா கைகால் ஓடாமல் நின்றுவிட்டார்கள். அப்பா இரவு வேலைக்குப் போயிருந்தார்கள். அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து “வாயைக் கொப்பளிங்க” என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் நடுங்கியது. ஆனால் சீட்டில் அதற்கும் வழி எழுதியிருந்தது. ஆச்சியை நிமிர்ந்து உட்கார வைத்தேன். கொப்பளிக்க விடவில்லை. மருத்துவமனையில் தந்திருந்த மற்றொரு காஸ் துணியைத் தடிமனாக மடித்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, விளக்கைப் பிடித்துச் சரியாகக் குழியின் மேலேயே வைத்து, “கடிங்க ஆச்சி” என்றேன். பலர் பல்லுக்குப் பக்கத்தில் துணியை வைத்துவிட்டு இரத்தம் நிற்கவில்லை என்பார்கள். அழுத்தம் குழியின்மேல் விழ வேண்டும். 30 நிமிடங்கள். இடையில் எடுத்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பின்னிய வலை துணியோடு வந்துவிடும். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் அவ்வளவு மெதுவாக நகர்ந்து நான் கண்டதில்லை. ஆச்சி ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தார்கள், மறுகையில் செபமாலை. அத்தை ஆட்டோவுக்குப் போன் செய்து வாசலில் நிறுத்தி வைத்தார்கள். அது சரியான யோசனைதான். இரண்டு முறை 30 நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்கே போய்விட வேண்டும். 9.40-க்குத் துணியை மெல்ல எடுத்தேன். இளஞ்சிவப்புக் கறை மட்டுமே. குழியில் கருஞ்சிவப்பாக, பளபளப்பாக ஏதோ நிறைந்திருந்தது. என் வாயில் நான் காணாத அந்தக் கட்டியை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். ஆட்டோக்காரருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

24 மணி நேரம் கழிந்ததும் உப்புத் தண்ணீருக்கு நேரம் வந்தது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. சாப்பிட்ட பின், நாளைக்கு நான்கு முறை. வாயில் வைத்துத் தலையை இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்து, பிறகு துப்பாமல் வாயைத் திறந்து கீழே விழவிட வேண்டும். மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்கலாம், துலக்க வேண்டும். குழியின் ஓரத்தை மட்டும் சில நாட்கள் விட்டுவிடலாம். ஆச்சி தம்ளரை வாங்கிக்கொண்டு, “நேத்து வேண்டாம்னே, இன்னைக்கு வேணுங்குற” என்று என்னைக் கேலி செய்தார்கள்.

நான்காம் நாள் குழியின் மேல் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் ஒன்று தோன்றிற்று. அத்தை அதைச் சீழ் என்று முடிவு கட்டி, பஞ்சால் துடைத்தெடுக்கப் போனார்கள். அது சீழன்று, ஃபைப்ரின் படலம், எச்சிலில் ஊறி நிறம் மாறியது. வலி நாளுக்கு நாள் குறைந்துவந்தால் இந்த வெள்ளையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியவை வேறு: குறைந்த வலி திரும்பக் கூடுவது, மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் வளர்வது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, மறுநாளும் தெளியாத மரப்பு. தாடையின் கீழும் நாக்கின் அடியிலும் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. ஜெர்மானிய மருத்துவர் லூட்விக் 1836-இல் விவரித்த இந்நோய் மூச்சுக்குழலை அடைத்து உயிரையே வாங்கிவிடும். அப்போது உப்பும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம்; பெரிய மருத்துவமனைதான்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆச்சியின் வெற்றிலைப் பெட்டி. புகைப்பவர்களுக்கும் புகையிலை மெல்லுபவர்களுக்கும் குழி ஆறத் தாமதமாகும். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் குருதிக்குழாய்களைச் சுருக்கி, புண்ணுக்கு வரவேண்டிய இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. ஆச்சி புகையிலை போடுவதில்லை. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மட்டுமே. ஆனால் பாக்குத் துகள் குழியில் அடைந்தாலே போதும். அதுவுமன்றி, வெறும் பாக்கே புற்றுநோய் விளைவிக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் கூறியிருக்கிறது. இதைச் சொன்னபோது ஆச்சி, “எங்க அம்மா தொண்ணூறு வரைக்கும் போட்டா” என்றார்கள். நான் வாதாடவில்லை. பெட்டியை எடுத்து என் புத்தக அலமாரியில், அறிவியல் புத்தகத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டேன்.

என் பல் போன இடம் இப்போது முழுவதும் மூடிவிட்டது. விரலால் தடவினால் சிறு பள்ளம். பல்லைத் தாங்குவதற்கென்றே இருந்த எலும்பு, பல் போனபின் தனக்கு வேலையில்லை என்று கரையத் தொடங்கி, ஓராண்டில் தன் அகலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுகிறதாம். பக்கத்துப் பல் காலி இடத்தை நோக்கிச் சாயும். எதிர்ப்பல் கடிக்க ஆளின்றி நீண்டு இறங்கும். தாடை எலும்பில் திருகாணிபோல் பொருத்தும் செயற்கைப் பல் உண்டு. ஆனால் வளர்ச்சி முடியும்வரை, 18 வயதுக்கு மேல் ஆகும்வரை, எனக்கு அது இல்லை. அதுவரை இடம் காக்கும்படி ஒரு சிறு தட்டுப்பல் செய்து தருகிறார்கள். அடுத்த மாதம் அளவெடுக்கப் போகிறேன்.

ஆச்சிக்குச் சர்க்கரை இருந்தும் குழி ஒழுங்காக ஆறியது. ஆறாவது வாரம் மருத்துவர் பார்த்து, “யார் இவர்களைக் கவனித்துக்கொண்டது?” என்று கேட்டார். ஆச்சி என்னைக் காட்டாமல், “உப்புத்தான்” என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கேட்டார்கள். கொடுத்த வாக்கின்படி திறந்து கொடுத்தேன். வெற்றிலை சருகாகியிருந்தது. சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே கல்லாக இறுகிப் போயிருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்துத் தரும்படி என்னிடம் நீட்டினார்கள். தேர்வு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.